ஞானப்பல் எடுத்தாச்சு: அடுத்த பத்து நாள் என்ன செய்வது?

மூன்றாம் நாள் காலையில் என் அக்கா மகள் கண்ணாடி முன்னால் நின்று அழுதாள். வலது கன்னம் காது வரைக்கும் உப்பியிருந்தது. தாடை எலும்பு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. “சித்தி, நேத்து இம்புட்டு இல்லியே. ஆபரேஷன்ல என்னமும் தப்பாப் போயிட்டோ?” என்றாள்.

தப்பு எதுவும் நடக்கவில்லை. கீழ்த்தாடை ஞானப்பல்லை அறுத்து எடுத்தால் வீக்கம் அன்றைக்கே முழுசாக வராது. மறுநாள் ஏறும். 48 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். அப்புறம்தான் இறங்கத் தொடங்கும். இந்தக் கணக்கை நான் முந்தின நாளே அவளிடம் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை அழுதிருக்க மாட்டாள். இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

எனக்கும் அதே பல்லை எடுத்திருக்கிறார்கள், பல வருடத்துக்கு முன்னால். எடுத்த இரண்டாம் நாள் நல்ல வெயில். ரோட்டோரம் வெட்டித் தந்த இளநீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சிக் குடித்தேன். குளிர்ச்சிதானே, நல்லதுதான் என்று நினைத்தேன். மறுநாள் ராத்திரி தாடையில் தொடங்கிய வலி காதுக்குள் ஏறி நெற்றிப்பொட்டு வரைக்கும் விண்விண்ணென்று தெறித்தது. மாத்திரைக்கு அடங்கவில்லை. பல் இருந்த குழியில் உறைந்திருந்த ரத்தம் பிய்ந்து வந்துவிட்டது, எலும்பு வெளியே தெரிகிறது என்று மருத்துவர் பார்த்துச் சொன்னார். ட்ரை சாக்கெட் என்று அதற்குப் பெயர். ஆறிக்கொண்டிருந்த இடம் மறுபடியும் ஒரு வாரம் என்னைத் தூங்கவிடவில்லை.

அதனால் இரண்டே விஷயத்தை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குழிக்குள் உறைந்து கிடக்கிற ரத்தம்தான் காயத்துக்கு மூடி, அதைக் கலைக்கக் கூடாது. மூன்றாம் நாள் வீக்கத்தைப் பார்த்துப் பயப்படக் கூடாது. கீழே சொல்லப்போவதில் முக்கால்வாசி இந்த இரண்டிலிருந்து வருவதுதான். நான் மருத்துவர் இல்லை. பட்டும் பார்த்தும் கேட்டும் தெரிந்துகொண்டவள். உங்கள் பல்லை எடுத்தவர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

தேதி வைக்கும்போதே யோசியுங்கள்

எல்லாரும் வெள்ளிக்கிழமையைத்தான் கேட்பார்கள். சனி, ஞாயிறு படுத்திருக்கலாம் என்ற எண்ணம். நான் திங்கள் அல்லது செவ்வாய் என்பேன். வெள்ளிக்கிழமை எடுத்தால் வீக்கம் உச்சத்துக்கு வருவது ஞாயிற்றுக்கிழமை. ஒரு சந்தேகம் கேட்கலாம் என்றால் கிளினிக் பூட்டியிருக்கும். திங்கட்கிழமை எடுத்தால் புதன், வியாழனில் வீக்கம் உச்சம். ட்ரை சாக்கெட் வந்தால் பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் வரும். அதுவும் சனிக்கிழமைக்குள் தெரிந்துவிடும். ஆள் இருக்கும்போதே போய்க் காட்டிவிடலாம்.

ஊர்க் கோயில் கொடைவிழா, சொந்தத்தில் கல்யாணம், செமஸ்டர் பரீட்சை எதுவாக இருந்தாலும் பத்து நாள் இடைவெளி விடுங்கள். கொடைக்குப் போய்விட்டு எல்லாரும் கறிச்சோறு சாப்பிடுவதைக் கஞ்சி டம்ளரோடு பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டம். யாராவது வற்புறுத்தி ஒரு வாய் ஊட்டியும் விடுவார்கள்.

முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, ஆஸ்பிரின், சர்க்கரை, பிரஷர், ஆஸ்துமா, வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, எலும்புத் தேய்மானத்துக்குப் போட்ட ஊசி, எந்த மருந்துக்காவது உடம்பில் தடிப்பு வந்தது, கர்ப்பமாக இருப்பது, எதையும் மறைக்காதீர்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் செய்யாதீர்கள். பல் குழியில் ரத்தம் கசிவதை அழுத்தி நிறுத்தலாம். இதயத்திலோ மூளையிலோ ரத்தம் உறைந்தால் அப்படி நிறுத்த முடியாது.

வெறும் மரப்பு ஊசி போட்டுத்தான் எடுப்பதாக இருந்தால் போவதற்கு முன் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். திரும்பி வந்து சாப்பிடச் சில மணி நேரம் ஆகும். மயக்கம் கொடுத்து எடுப்பதாக இருந்தால் மட்டும் அவர்கள் சொல்லும் நேரம் வரை வெறும் வயிறு.

வள்ளியூர், நாங்குநேரி, அம்பாசமுத்திரம் பக்கமிருந்து பாளையங்கோட்டைக்கோ வண்ணார்பேட்டைக்கோ வந்து எடுக்கிறவர்கள் தனியாக வராதீர்கள். எடுத்த பிறகு ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து, ரத்தம் நின்றதைக் காட்டிவிட்டு பஸ் ஏறுங்கள். ராத்திரியில் ஏதாவது என்றால் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் நாள்

இது சாதாரணமாகப் பல் பிடுங்குவது மாதிரி இல்லை. ஞானப்பல் பெரும்பாலும் 17 வயதிலிருந்து 25 வயதுக்குள் முளைக்கும். அதற்குள் தாடையில் இடம் தீர்ந்துபோயிருந்தால் சாய்ந்தோ படுத்தோ கிடக்கும். ஈறை அறுத்து, மேலே இருக்கும் எலும்பைக் கொஞ்சம் சீவி, பல்லைத் துண்டாக்கி எடுத்துத் தையல் போடுகிறார்கள். வீக்கம் இத்தனை வருவது அதனால்தான். மேல்தாடைப் பல் என்றால் பொதுவாக இவ்வளவு பாடு இல்லை.

எடுத்து முடித்ததும் பஞ்சு வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் அழுத்திக் கடித்தபடியே இருக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் எடுத்துப் பார்த்தால் உறைகிற ரத்தம் பஞ்சோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். எச்சிலைத் துப்பாமல் விழுங்குங்கள். பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இது ரொம்பக் கஷ்டமாக இருக்கும்; ஜன்னல் வழியாகத் துப்பத்தான் கை போகும். துப்பும்போது வாய்க்குள் ஓர் இழுப்பு உண்டாகிறது. ஸ்ட்ராவும் பீடியும் செய்கிற வேலையும் அதேதான்.

முதல் 24 மணி நேரத்துக்கு வாய் கொப்பளிக்கவே கூடாது. சூடான காபி, டீ வேண்டாம். குனிந்து குடம் தூக்குவது, சைக்கிள் மிதிப்பது வேண்டாம். உதடும் நாக்கும் மரத்திருக்கும்வரை எதையும் மெல்லாதீர்கள். சொந்த உதட்டைக் கடித்தது கூடத் தெரியாது. மரப்பு பொதுவாக இரண்டு மணியிலிருந்து நாலு மணி நேரத்தில் இறங்கும்.

அன்று முழுக்க எச்சிலில் இளஞ்சிவப்பு இருக்கும். தலையணையில் கறைகூடப் படியும், பழைய துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். ஒரு சொட்டு ரத்தம் எச்சிலில் கலந்தால் வாய் நிறைய ரத்தம் மாதிரித்தான் தெரியும். நிஜமாகவே சிவப்பாக நிறைகிறது என்றால் சுத்தமான பருத்தித் துணியை நாலாக மடித்து நனைத்துப் பிழிந்து, குழிக்கு நேர் மேலே வைத்து அரை மணி நேரம் விடாமல் கடியுங்கள். உதிரிப் பஞ்சு வேண்டாம், நார் காயத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரு மணி நேரம் அப்படிக் கடித்தும் நிற்கவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

படுக்கும்போது தலைக்கு இரண்டு தலையணை. அக்கா மகள் முதல் ராத்திரி சாய்வு நாற்காலியில்தான் தூங்கினாள், நன்றாகத் தூங்கினாள். தலை உயர்ந்திருந்தால் விண்விண்ணென்று தெறிப்பது குறைகிறது.

ஐஸா, வெந்நீரா?

வீட்டுக்கு வீடு சண்டை வருகிற இடம் இதுதான். எங்கள் ஆச்சிக்கு எந்த வீக்கமானாலும் உப்பு ஒத்தடம்தான். இரும்புச் சட்டியில் கல்லுப்பை வறுத்து, வேட்டித் துணியில் மூட்டை கட்டி, ஆசையோடு கொண்டுவந்து நிற்பாள். வேண்டாம் என்று சொல்ல மனசு வராது. ஆனால் முதல் நாள் சூடு வைத்தால் ரத்தக்குழாய்கள் விரிந்து வீக்கமும் கசிவும் கூடத்தான் செய்யும். மரத்த கன்னத்தில் சூட்டின் அளவும் தெரியாமல் தோல் வெந்துபோகும். ஆச்சிகளிடம் “ரெண்டு நாள் பொறுங்க, அப்புறம் நீங்களே வச்சு விடுங்க” என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட.

முதல் நாளும், முடிந்தால் இரண்டாம் நாளும் ஐஸ். கன்னத்துக்கு வெளியேதான் வைக்க வேண்டும். ஐஸ் கட்டியை நொறுக்கி பாலிதீன் கவரில் போட்டு, மெல்லிய துண்டில் சுற்றி, தாடை ஓரத்தில் 15 நிமிடத்திலிருந்து 20 நிமிடம் வையுங்கள். அப்புறம் அதே அளவு நேரம் எடுத்துவிடுங்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம் இப்படி மாறி மாறி. ஐஸை நேராகத் தோலில் வைக்காதீர்கள். ஹாஸ்டலில் ஃபிரிஜ் இல்லாத பிள்ளைகள் பக்கத்துக் கடையில் முதல் நாளே சொல்லிவைத்து, ஐஸ் கட்டி நாலைந்து வாங்கிக்கொள்ளலாம். நம் ஊர் வெயிலுக்கு ஒன்று அரை மணி நேரம்தான் தாங்கும்.

48 மணி நேரத்துக்குப் பிறகு ஐஸால் பெரிய பலன் இல்லை. அப்போது வெதுவெதுப்பான ஒத்தடம். வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து, முதலில் உங்கள் முன்கையில் வைத்துப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் வையுங்கள். தாடைத் தசை இளகும், வாயும் கொஞ்சம் கூடுதலாகத் திறக்கும்.

மாத்திரை

வலி வந்த பிறகு மாத்திரையைத் தேடாதீர்கள். மரப்பு இறங்குவதற்கு முன்பே முதல் வலி மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் எழுதிக் கொடுத்த இடைவெளியில், கடிகாரம் பார்த்துப் போடுங்கள். வலியை ஏறவிட்டுப் பிறகு இறக்குவது ரொம்பச் சிரமம்.

ஒரு இடத்தில் மட்டும் ரொம்பக் கவனம் வேண்டும். பல் வலிக்கு எழுதித் தரும் மாத்திரைகள் பலவற்றில் இரண்டு மருந்து சேர்ந்திருக்கும். அதில் ஒன்று பாராசிட்டமால். அது தெரியாமல் வலி தாங்கவில்லை என்று கூடவே டோலோ 650 போடுகிறவர்கள் உண்டு. டோலோவும் பாராசிட்டமால்தான். திடமான பெரியவருக்கே ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 4 கிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஈரல் கெடும். ஒல்லியானவர்கள், ஈரல் கோளாறு உள்ளவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு அதைவிடக் குறைவு. அட்டையைத் திருப்பி, பின்னால் அச்சடித்திருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள்.

இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் போட வேண்டும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, சில வகை ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. மழைக்காலத்தில் இன்னொன்றும் இருக்கிறது: இடையில் கடுங்காய்ச்சல் அடித்தால் அது டெங்குவாகவும் இருக்கலாம், அப்போது இந்த வகை மாத்திரையும் ஆஸ்பிரினும் ரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சல் என்றால் முதலில் காட்டுங்கள்.

ஆன்டிபயாடிக் எழுதியிருந்தால் சொன்ன நாள் வரை போட்டு முடியுங்கள். எழுதவில்லை என்றால் மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டாம். எல்லாருக்கும் அது தேவைப்படாது. மெட்ரோனிடசோல் போடும்போது வாயில் ஒரு உலோகக் கசப்பு இருக்கும், பயமில்லை. அந்த நாள்களிலும் முடித்த பிறகு மூன்று நாளும் மது தொடவே கூடாது.

கிராம்பு எண்ணெய், சுண்ணாம்பு, காப்பித்தூள், நசுக்கிய ஆஸ்பிரின், பிராந்தியில் நனைத்த பஞ்சு என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். எதையும் பச்சைப் புண்ணில் வைக்காதீர்கள். சுண்ணாம்பும் ஆஸ்பிரினும் ஈறைப் பொசுக்கி வெள்ளையாக்கிவிடும்.

என்ன சாப்பிடலாம்?

இந்த விஷயத்தில் நம் சமையல் நமக்குப் பெரிய துணை. முதல் நாள் குளிர்ந்ததும் நீர்த்ததும்தான்: ஆறின பால், மோர், தயிரைக் கடைந்தது, நீர்க்க ஆற்றிய ரவைக் கஞ்சி, ஐஸ்கிரீம். ஐஸ்கிரீமில் முந்திரி, பாதாம் துண்டு இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் டம்ளரில் வாய் வைத்துச் சிறிது சிறிதாகக் குடியுங்கள். அண்ணாந்து ஊற்றிக் குடிக்கிற பழக்கத்தைச் சில நாளைக்கு விடுங்கள். வாய் திறக்காது, தொண்டை மரத்திருந்தால் புரையும் ஏறும்.

நுங்கு நல்லது. ஆனால் பனங்காயில் விரலை விட்டு உறிஞ்சுகிறோமே, அது கூடாது. எடுத்துத் தோலை உரித்து, மசித்து, கரண்டியால் சாப்பிடுங்கள். பதநீரைப் பட்டையில் குடிக்காமல் டம்ளரில் வாங்குங்கள். இளநீரும் அப்படித்தான், என் கதையை மேலேயே சொல்லிவிட்டேன்.

இரண்டாம் நாளிலிருந்து உளுந்தங்கஞ்சி. வழக்கமாக நாம் தொலி உளுந்தில்தான் வைப்போம். இப்போது தொலி நீக்கிய வெள்ளை உளுந்து எடுங்கள், கறுப்புத் தொலி குழிக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு கைப்பிடி பச்சரிசி சேர்த்துக் குழைய வேகவிட்டு, மத்தால் நன்றாகக் கடைந்து, ஆறிய பிறகு தேங்காய்ப்பால் விடுங்கள். கருப்பட்டியைத் தனியாகக் கரைத்து இரண்டு தரம் வடிகட்டுங்கள். அடியில் எப்போதும் கொஞ்சம் மண் தங்கும், புண்ணுக்குள் அது ஒரு துணுக்குப் போனாலும் தொல்லை. சர்க்கரை உள்ளவர்களுக்குக் கருப்பட்டி வேண்டாம், உப்புப் போட்டுக் குடிக்கலாம். அவர்கள் கவனிக்க இன்னொன்று: சாப்பாடு பாதியாகக் குறைந்த நாளில் வழக்கமான சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் அப்படியே போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். அளவை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் என் அக்கா மகளுக்குச் சொதி வைத்தேன். பச்சை மிளகாய் போடவில்லை, எலுமிச்சை பிழியவில்லை. இரண்டும் புண்ணில் எரியும். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் மசிய வெந்ததை முதல் தேங்காய்ப்பாலில் கரைத்து, குழைந்த சோற்றில் ஊற்றி, ஆற வைத்துக் கொடுத்தேன். அழுத முகம் அப்போதுதான் தெளிந்தது. “இன்னும் கொஞ்சம் ஊத்துங்க” என்று தட்டை நீட்டினாள். நீர்க்கஞ்சியிலேயே கிடந்தால் உடம்பும் சோர்ந்து, புண் ஆறுவதும் தாமதமாகும். பருப்பு, தயிர், நன்றாகக் கலக்கி மெதுவாக வேகவைத்த முட்டை என்று தெம்பானதைச் சீக்கிரம் தொடங்குங்கள். இட்லியைப் பாலிலோ தயிரிலோ ஊறவைத்தால் மெல்லவே வேண்டாம். நன்றாகப் பழுத்த வாழைப்பழத்தை மசித்துக் கொடுக்கலாம்.

பார்க்க வருகிறவர்கள் கையில் அல்வாப் பொட்டலம் இருக்கும். நாலாம் நாளுக்கு மேல், சூடில்லாமல், ஒரு சின்னத் துண்டு, மறுபக்கத்தில் வைத்துச் சாப்பிட்டுவிட்டு வாயைக் கழுவிக்கொள்ளுங்கள். மிக்சர், முறுக்கு, அப்பளம், பொரிகடலை, எள்ளுருண்டை இரண்டு வாரம் வேண்டவே வேண்டாம். கூர்மையான துணுக்கு ஈறைக் குத்தும், எள் குழிக்குள் போனால் எடுக்க முடியாது.

இரண்டாம் நாள் முதல் உப்புத் தண்ணீர்

24 மணி நேரம் கழிந்ததும் கொப்பளிக்கத் தொடங்கலாம். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு. ‘கொப்பளிப்பது’ என்று சொன்னாலும் வாயை உப்பிச் சளசளவென்று அடிக்கக் கூடாது. ஒரு வாய் எடுத்து, தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்த்து, தண்ணீர் புண்ணின் மேல் மெதுவாகப் போய்வர விட்டு, வாஷ்பேசினில் வாயைத் திறந்து தானாக வழியவிடுங்கள். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும், தூங்கும் முன்னும், ஒரு நாளைக்கு நாலைந்து தரம். மற்றப் பற்களை மறுநாளிலிருந்தே மென்மையான பிரஷ்ஷால் தேய்க்கலாம். தையல் பக்கம் மட்டும் சில நாள் விட்டுவையுங்கள்.

வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்காது. வீங்கிய தசை இறுகிக்கொள்வதால் வருவது அது. ஒன்றிரண்டு வாரத்தில் இளகும். மூன்றாம் நாளுக்குப் பிறகு, ஒத்தடம் கொடுத்து முடித்த கையோடு, வாயை முடிந்தவரை திறந்து ஐந்து எண்ணும் வரை வைத்து மூடுங்கள். பத்துத் தரம், ஒரு நாளைக்கு மூன்று நாலு வேளை. வலிக்க வலிக்கப் பிளக்க வேண்டாம்.

நாலாம் ஐந்தாம் நாளில் கன்னத்திலும் கழுத்திலும் பச்சையும் மஞ்சளுமாகக் கன்றிப்போன நிறம் தெரியலாம். ரத்தம் தோலுக்கடியில் இறங்கி வருவதுதான் அது. ஒரு வாரம், பத்து நாளில் மறையும். அடித்துவிட்டார்களா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லத் தயாராக இருங்கள்.

ட்ரை சாக்கெட் வந்தால்

வலி நாளுக்கு நாள் கொஞ்சமாவது குறைந்துகொண்டே வர வேண்டும். குறைந்து வந்த வலி மூன்றாம் நாளுக்கு மேல் திடீரென்று ஏறினால், காதுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் பரவினால், வாயில் கெட்ட வாடையும் சுவையும் வந்தால், அதைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். நான் ஒன்றரை நாள் வீணாகப் பொறுத்தேன். மருத்துவர் குழியைக் கழுவி மருந்து வைத்தார், கிராம்பு வாசம் அடிக்கிற மருந்து. அரை மணி நேரத்தில் வலி பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. கிராம்பில் இருக்கும் யூஜெனால்தான் அதிலும் இருக்கிறது. ஆனால் அளவாக, சரியான இடத்தில், அவர்கள் வைக்க வேண்டிய மருந்து அது.

புகைப்பவர்களுக்கும் கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் இது வர வாய்ப்பு அதிகம். பீடி, சிகரெட்டைக் குறைந்தது மூன்று நாள், முடிந்தால் இரண்டு வாரம் தொடாதீர்கள். இழுக்கிற இழுப்பும் கெடுதி, புகையும் கெடுதி. வெற்றிலை, பாக்கு, புகையிலையும் அப்படியே. நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிற அக்காமார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: மடியில் சுளகை வைத்து மணிக்கணக்காகக் குனிந்தே இருந்தால் முகத்துக்கு ரத்தம் இறங்கித் தெறிப்பு கூடும். மூன்று நாள் கட்டாயம் ஓய்வு எடுங்கள். அதற்கு மேல் சுற்றினாலும் அரை மணிக்கு ஒரு தரம் நிமிர்ந்து சுவரில் சாய்ந்துகொள்ளுங்கள். புகையிலைத் தூள் பட்ட கையோடு வாய்ப்பக்கம் போகாதீர்கள்.

உடனே ஓட வேண்டிய அறிகுறிகள்

மூன்று நாளுக்குப் பிறகும் வீக்கம் ஏறிக்கொண்டே போவது, 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குழியிலிருந்து சீழ், மறுநாளும் கீழுதடோ நாக்கோ மரத்தே இருப்பது, இவற்றுக்கெல்லாம் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். மரப்பு பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாகச் சரியாகும். ஆனாலும் முதலிலேயே காட்டிப் பதிந்து வைப்பது முக்கியம்.

எச்சில் விழுங்க முடியவில்லை, நாக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது, தாடைக்குக் கீழே கழுத்து இறுகி வீங்குகிறது, மூச்சு விடச் சிரமம் என்றால் காலை வரை காத்திருக்காதீர்கள். கிருமி கழுத்துக்குள் பரவி மூச்சுக்குழாயை அடைக்கக்கூடிய நிலை அது. 108க்குக் கூப்பிடுங்கள், அல்லது பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு நேராகப் போங்கள். பல் விஷயம்தானே என்று வீட்டில் யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஒரு வாரத்துக்குப் பிறகு

கறுப்பு நூல் தையல் என்றால் ஏழாம் நாள் போல எடுப்பார்கள். எடுப்பது வலிக்காது, சின்னதாக ஒரு சுருக். கரைகிற நூல் என்றால் தானாக உதிரும், சாப்பிடும்போது ஒரு நுனி வாயில் வந்தால் பதற வேண்டாம், இழுக்கவும் வேண்டாம்.

குற்றாலச் சீசனில் எடுத்தவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி, அருவியில் குளிக்கலாமா என்பது. இரண்டு வாரம் பொறுங்கள். தண்ணீர் குளிர்ச்சி என்பதால் இல்லை. அத்தனை உயரத்திலிருந்து விழுகிற தண்ணீர் தாடையில் அறைந்தால் தாங்காது. வீட்டில் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டாம் நாளிலிருந்தே குளிக்கலாம். கிரிக்கெட், ஜிம், மூட்டை தூக்குவது ஒரு வாரத்துக்குப் பிறகு.

வலியும் வீக்கமும் போன பிறகும் குழி இருக்கும். ஈறு மேலே மூட மூன்று நாலு வாரமாகும், உள்ளே எலும்பு நிரம்பப் பல மாதம். அதுவரை சோற்றுப் பருக்கை போய் உட்கார்ந்துகொள்ளும். குச்சியோ ஊக்கோ வைத்துக் குத்தாதீர்கள். ஊசி இல்லாத, நுனி வளைந்த சிரிஞ்ச் ஒன்றை மருத்துவரிடம் கேட்டு வாங்கி, எந்த நாளிலிருந்து பயன்படுத்தலாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பொதுவாக ஒரு வாரம் ஆகும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை நிரப்பி, நுனியைக் குழியின் ஓரத்தில் வைத்து மெதுவாக அழுத்தினால் பருக்கை மிதந்து வந்துவிடும். அக்கா மகள் ஒரு மாதம் தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இப்படிச் செய்தாள். ஹாஸ்டல் வாஷ்பேசின் மேல் பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் அந்தச் சிரிஞ்சும் ஒரு டம்ளரில் நின்றுகொண்டிருந்தது.